நூறு கவனமும் என் அரைக் கவனமும்

போன மாசம் சிம்மக்கல்லுக்கு எதையோ வாங்கப் போனேன். வண்டிய நிறுத்திட்டு இறங்கினதும் என்ன வாங்க வந்தேன்னு சுத்தமா மறந்துபோச்சு. அம்மாவுக்குப் போன் போட்டா விழும் திட்டு தெரிஞ்ச கதைதான். அந்த பயத்துல ஞாபகம் வர்ற வரைக்கும் நடப்போம்னு தமிழ்ச் சங்கம் ரோட்டுல நடந்தேன். சங்கத்துக் கட்டடம் கண்ணுல பட்டுச்சு. வாங்க வந்தது ஞாபகம் வரலை, இந்தப் பதிவுக்கு விஷயம் கிடைச்சது :-)

எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு இருபத்தேழு வயசுலதான் ஒரு டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் எனக்கு வேற பேருங்க: சோம்பேறி, திமிர் பிடிச்சவன், காதுல வாங்காதவன். மனப்பாடச் செய்யுள் பாதியில நின்னுபோனதுக்காக பெஞ்சு மேல நின்ன நாட்கள் அதிகம். எங்கப்பா இன்னைக்கும் நம்பலை. "அந்தக் காலத்துல நூறு விஷயத்தை ஒரே நேரத்துல மனசுல வச்சிருந்தாங்கடா, உனக்கு நாலு சாமான் ஞாபகம் இல்லையா?"ன்னு கேட்பார்.

அவர் சொல்றது நிஜம். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10-ம் தேதி சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர்கள் முன்னிலையில் சதாவதானம் செய்து காட்டினார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். 2008-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது.

அவதானம் என்றால் என்னன்னு தெரியாத தலைமுறைக்கு: ஒருத்தர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருத்தர் கணக்குப் போடச் சொல்வார். ஒருத்தர் சதுரங்கக் காய் நகர்த்துவார். எங்கேயோ மணி அடிக்கும், எத்தனை அடின்னு கடைசியில சொல்லணும். பின்னால இருந்து ஒருத்தர் முதுகுல சின்னக் கல்லா எறிவார், அதையும் எண்ணிக்கிட்டே இருக்கணும். எட்டு வேலைன்னா அட்டாவதானம், பத்துன்னா தசாவதானம், நூறுன்னா சதாவதானம்.

இந்தச் சொல்லுக்குப் பொருள் நினைவாற்றல் இல்லீங்க. கவனம். நம்ம ஈழத்து நண்பர்கள் இன்னைக்கும் "அவதானமா போங்கோ"ன்னுதான் சொல்றாங்க.

சரி, நூறையும் ஒரே நொடியில மண்டையில ஓட்டினாரா? தெலுங்கு அவதானத்துல இதோட சூட்சுமம் தெளிவா தெரியும். கேள்வி கேட்கிறவங்க அவங்கவங்க இடத்துல, வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. அவதானி ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு சுற்றுக்கு ஒரு அடி மட்டும் சொல்வார். நாலு சுற்றில் நாலு அடி. முடிவுல எல்லாப் பாட்டையும் முழுசா ஒப்பிக்கணும், அதுக்கு தாரணைன்னு பேர். ஆணி புடுங்குற நம்ம ஆட்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது நூறு ப்ராசஸர் இல்லை. ஒரே ப்ராசஸர், ரொம்ப சுத்தமான கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்த இடம் ஒரு அடையாளம். எதுகை, மோனை, தளை எல்லாம் செக்சம் மாதிரி: ஒரு சொல் நழுவினா ஓசையே காட்டிக்கொடுக்கும். நடுவுல சம்பந்தமில்லாம பேசிக் கவனத்தைக் கலைக்கவே ஒருத்தர் உண்டு. எங்க ஆபீஸ்லயும் அந்தப் பதவி இருக்கு, பேரு மட்டும் வேற.

இப்ப லண்டனுக்கு வாங்க. பாவலர் அரங்கேறுவதற்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1902-ல், ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் சில பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தினார். புத்திக்குக் குறைவில்லாத ஆறு வயசுப் பையன், விளையாட்டுல கூட கொஞ்ச நேரத்துக்கு மேல கவனம் வைக்க முடியலை என்றார். ஏ.டி.எச்.டி. வரலாற்றுல முதல் பக்கங்கள்ல இது ஒண்ணு. ஆனா அவர் வச்ச பேர் என்ன தெரியுமா? ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை! பெஞ்சு மேல ஏத்தின வாத்தியாரும் அதையேதான் சொன்னார். இது கவனக் குறைபாடுன்னு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏற 1980 ஆச்சு. தற்காலிக நினைவும் செயலை அடக்கும் திறனும் இதில் எப்படிப் பிணைந்திருக்குன்னு ரஸ்ஸல் பார்க்லி விரிவா எழுதினது 1997-ல்.

அதே காலத்துல மதுரையில என்ன நடந்தது? 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நாலாம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பேச்சுக்காக மதுரை வந்தவர் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம், ஊர்ல எங்கேயும் கிடைக்கலையாம். அந்த வருத்தம்தான் சங்கமாச்சுன்னு சொல்வாங்க. இத்தனைக்கும் அவர் வளர்ந்தது அவதானிகள் புழங்கின வீட்டில். அவர் அப்பா பொன்னுசாமித் தேவரின் அவைப் புலவர் முத்துசாமி ஐயங்காருக்குப் பட்டமே சதாவதானம். நூறு விஷயத்தைத் தலையில வச்சிருந்த மனுஷரைப் பார்த்த குடும்பம், அது போதாதுன்னு ஏடு தேடி, நூலகம் வச்சு, அச்சடிக்கக் கிளம்பியது. அந்த ஐயங்காரின் மகன் மு. இராகவையங்கார்தான் பிற்பாடு சங்கத்தின் "செந்தமிழ்" இதழுக்கு ஆசிரியர். அப்பா மனசுல வச்சார், பிள்ளை காகிதத்துல வச்சார்! எங்கப்பாகிட்ட இதைச் சொன்னேன். "அதுக்கு?"ன்னார். பேப்பர்ல எழுதி வச்சுக்கிறது அவ்வளவு கேவலமில்லைன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள மெகா சீரியல் ஆரம்பிச்சிருச்சு.

காந்தி 1891-ல் பம்பாயில் ராய்சந்த்பாய் என்ற சதாவதானியைச் சந்தித்தபோது, தனக்குத் தெரிஞ்ச ஐரோப்பிய மொழிச் சொற்களை எல்லாம் கொட்டினார். அவர் அதே வரிசையில் திருப்பிச் சொன்னார். பொறாமையா இருந்தது, ஆனா அதில் நான் மயங்கலைன்னு எழுதுறார் காந்தி. எனக்கு மயக்கமும் உண்டு, பொறாமையும் உண்டு.

அதனால சோதனை பண்ணிப் பார்த்தேன். தம்பியை முதுகுக்குப் பின்னால உட்கார வச்சு, நான் கோடு எழுதும்போது புளியங்கொட்டை எறியச் சொன்னேன். நாலாவது கொட்டையோட எண்ணிக்கை போச்சு, கோடும் போச்சு. அப்புறம் ஒரு கொட்டைக்கு ஒரு கோடுன்னு பேப்பர்ல கிழிச்சேன். இருபத்தி மூணு. தம்பியும் எண்ணியிருந்தான், சரியா இருந்தது.

சிம்மக்கல்லுல வாங்க வேண்டியது மிக்ஸி ஜாருக்கு வாஷர். வீட்டுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துருச்சு.