வாவிக்கரைப் பிள்ளைகளும் பாடசாலை ஆண்டும்

பிள்ளைகள் நேரத்துக்கு உறங்க வேண்டும், கைகழுவி உண்ண வேண்டும், நாள் தவறாது பாடசாலைக்கு வரவேண்டும் என்று பெற்றோருக்கு நாம் அறிவுரை கூறுகின்றோம். கூறுவது தவறன்று. ஆனால், ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் உடல்நலத்தோடும் மன அமைதியோடும் வகுப்பில் இருந்து கற்பதற்கு வேண்டியவை யாவும் பெற்றோரின் கையிலா இருந்தன? மட்டக்களப்பு வாவிக்கரையின் ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றை ஊன்றி நோக்குவோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடப்பது எழுவான்கரை; வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. பெயர்பெற்ற பாடசாலைகள் புளியந்தீவிலும் எழுவான்கரையிலுமே எழுந்தன. படுவான்கரைப் பிள்ளைக்கு மேற்படிப்பின் வாயில் தோணித்துறையாயிருந்தது. மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்ததே 2014இல்தான். நெடுங்காலமாகப் பாடசாலை ஆண்டு தொடங்கிவந்த ஜனவரி மாதமோ இங்கு மாரிவெள்ளத்தின் காலம். வெள்ளம் வடிந்தால் வேளாண்மை வெட்டு வந்துவிடும். போடியாரின் வயலில் உழைத்த குடும்பத்தின் பிள்ளை காவலுக்கும் கதிர் பொறுக்கவும் போயிற்று. அதன் பெயருக்கு நேரே இடாப்பில் 'வரவில்லை' என்று குறிப்பது எளிது.

வெள்ளத்தை அடுத்து வந்தது காய்ச்சல். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் தேங்கிய நீரில் நுளம்பு பெருக, வறண்ட வலயக் கிராமங்களில் மலேரியா ஆண்டுதோறும் தலைதூக்கிற்று. பாடசாலை ஆண்டின் முதல் மாதங்களும் நடுக்கத்தின் மாதங்களும் ஒன்றாயின. அக்கால மருத்துவர்கள் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு கடுமையானது என்பதை அறியப் பாடசாலைக்கே சென்றனர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் என எண்ணினர். ஊரின் நோயை அளக்கும் கருவியாகப் பிள்ளையின் வயிறு பயன்பட்டது! இரத்தம் குன்றி, அரைக்கண் மூடி, பின்வாங்கில் இருந்த அப்பிள்ளையை மந்தபுத்தி என்று சொல்லிப் பிரம்பெடுத்தால் அது எத்துணைக் கொடுமை என்பதை ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1934-35இல் மலேரியா தென்மேற்குப் பகுதிகளையும் தாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றபோதுதான் நாடு விழித்தது. எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். பசித்த உடலில் காய்ச்சல் இருமடங்கு கொல்லும் என்பதை அவர்கள் நேரிற் கண்டனர். 1946இல் மலேரியாக் காய்ச்சலுற்றோராகப் பதிவானவர்கள் 27 இலட்சத்துக்கு மேல். அவ்வாண்டிலே நாடெங்கும் டி.டி.ரி. தெளிக்கும் வேலை தொடங்கிற்று. 1963இல் பதிவானோர் வெறும் 17 பேர். வெற்றி வந்துவிட்டதென்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளரவிட்டார்கள். 1969இல் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012இல்தான் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென அறிவித்தது. எந்தத் தாயின் கைவைத்தியமும் இதைச் செய்திருக்க இயலாது.

கல்வியின் கதையும் இதனை ஒத்ததே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, வகுப்பறையோடு அமையவில்லை. ஏழைப் பிள்ளைகளும் பெற்றோரற்றோரும் உண்டு உறங்கிப் படிக்க இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லமும் அங்கு இயங்கிற்று. உணவும் உறைவிடமும் கல்வியின் பகுதிகளே என்பதை அது செயலிற் காட்டியது. கன்னங்கரா அமைச்சராயிருந்த காலத்தில், 1945 அக்டோபரில், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஒழிந்தது, தூரமும் பசியும் ஒழியவில்லை. இதனை உணர்ந்தே கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் அமைக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையிலும் ஒன்று எழுந்தது.

அந்த வந்தாறுமூலை வளவைச் சற்று நின்று நோக்குவோம். உழவர் பிள்ளைகளுக்கென எழுந்த அப்பாடசாலையின் வளவிலே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆம் நாள் படையினர் அம்முகாமிலிருந்து 158 பேரைக் கொண்டு சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னரே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றிருந்தனர். கொல்லப்பட்டோரிற் சிறுவரும் இருந்தனர். அடுத்தடுத்த ஊர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்தனர். இந்த அச்சத்தை அளக்க எந்த மருத்துவரும் வயிற்றைத் தடவ இயலாது. வாய் பேசாத பிள்ளை, சிறு ஓசைக்கும் திடுக்கிடும் பிள்ளை, எழுதிக்கொண்டிருக்கையிலே எங்கோ பார்த்திருக்கும் பிள்ளை: இவையே குறிகள்.

இந்நோய்க்கு 1996இல் மட்டக்களப்பிலேயே ஒரு மருந்து தேடப்பட்டது. இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளும், கனடாவின் ஓவியர் போல் ஹோகனும் முன்னின்று வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் அங்கு பஸ்ஸில் ஒன்றாக அழைத்துவரப்பட்டனர். அவர்களிடம் எவரும் நடந்ததைச் சொல்லென்று வற்புறுத்தவில்லை. மண்ணைப் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், கூத்தாடினர், செடியையும் சிற்றுயிரையும் பேணினர். ஒரு நாள் விழாவன்று. மாதக்கணக்கில் வாரந்தோறும் வந்து போவது. அன்பும் ஒழுங்கும் நீண்டு நிலைத்தாலே பிள்ளை மனம் அடங்கும் என்பதை அறிந்தோர் வகுத்த முறை அது.

ஆயினும் ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. நுளம்பை ஒழிக்க அரசு நாடெங்கும் ஆளனுப்பிற்று. பிள்ளைகளின் அச்சத்தை ஆற்றும் வேலையோ வெளிநாட்டு நன்கொடையை நம்பிய ஒரு பூங்காவிடம் விடப்பட்டது. ஒரு முறைக்கு அது ஏற்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? 2004 டிசம்பர் 26இல், பாடசாலை விடுமுறை நாளொன்றில், கடல் கல்லடியையும் திருச்செந்தூரையும் நாவலடியையும் வாரிக்கொண்டது. 2005 ஜனவரியில் புதிய ஆண்டு தொடங்கவேண்டிய வேளையில், இப்பகுதியின் பல வகுப்பறைகளில் வாங்குகள் ஒதுக்கப்பட்டு, பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன.