மங்கம்மாளின் கெடு

எங்க விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் ராணி மங்கம்மாள் என்றாலே சாலைதான். மரம் நட்டார், சத்திரம் கட்டினார், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சாலையைவிட ஒரு தொட்டில் முக்கியமாகப் படுகிறது.

1682-ல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தபோது அவர் உடன்கட்டை ஏறவில்லை. மகன் சின்னப் பையன். அந்த மகனும் 1689-ல் அம்மை கண்டு செத்தான். கர்ப்பமாக இருந்த மருமகள் சின்ன முத்தம்மாள், பிள்ளையைப் பெற்றுவிட்டு அவளும் போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தைக்கு முடிசூட்டிவிட்டு, அதன் பேரில் பாட்டி ஆண்டார். மொகலாயருக்குக் கப்பம், திருவிதாங்கூர்மேல் படை, 1702-ல் கிழவன் சேதுபதியிடம் தோல்வி, தளவாய் நரசப்பையாவின் சாவு என்று 17 வருஷம்.

ஆனால் பேரன் வளர வளர அவருடைய கெடு நெருங்கியது. அமைச்சர் அச்சையாவோடு சேர்த்து வம்பு பேசினார்கள். ஆண் ராஜா மந்திரியோடு பேசினால் அது ஆலோசனை, இல்லையா? 1706-ல், எதிரே சோற்றை வைத்துப் பட்டினி போட்டே பேரன் கொன்றான் என்பது ஊர்க்கதை.

அந்தப் பேரன், விஜயரங்க சொக்கநாதர், 1732-ல் வாரிசில்லாமல் இறந்தார். மனைவி மீனாட்சி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து ஆள வந்தார். எதிர்த்து நின்றவர் அந்தப் பிள்ளையைப் பெற்ற பங்காரு திருமலை. சண்டைக்கு நடுவே சந்தா சாகிப் மதுரைக்குள் வந்துவிட்டார்.