சும்மாடும் ஒயர் கூடையும்

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் அம்மையார் காசிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாசப்படியில் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் பச்சை ஒயர், பக்கத்தில் கத்தரிக்கோல், முடிந்த கூடைகள் இரண்டு சுவரோரம். "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று அவர் கேட்டார். "சும்மாதாம்மா கீறேன்" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமலேயே. அவரும் படிவத்தில் எதையோ நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். ஆனால் கோபம் வந்த அளவுக்கு விஷயம் அன்று எனக்குப் புரிந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் கூடைக்கு இரண்டு தலைமுறைக் கதை உண்டு. ஆயா கூடையைச் சுமந்தாள், அம்மா கூடையைப் பின்னினாள். ஆயாவின் கதை ரொம்பப் பழையது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் ஒரு பாண்மகள் வருகிறாள். வட்டியில் கொண்டுவந்த மீனை வீட்டுக்காரியிடம் கொட்டுகிறாள். வீட்டுக்காரி அந்த வட்டி நிறைய நெல்லையோ பயறையோ போட்டு அனுப்புகிறாள். வட்டி என்றால் அன்று கூடை. கந்துவட்டிக்கு வாங்கி ஏலத்தில் மீன் எடுக்கிற எங்கள் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த வட்டி வேறு. பாடல்களை விளக்கும்போது நாம் தலைவனின் பரத்தமையைப் பேசுகிறோம், தலைவியின் ஊடலைப் பேசுகிறோம். தெருத்தெருவாக மீன் விற்ற அந்தப் பெண்ணையோ, அவள் கூடையை முடைந்தவர் யார் என்பதையோ பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

ஆயா தொழிலுக்கு வந்தபோது மூங்கில் கூடையும் பனையோலைக் கூடையும்தான் இருந்தனவாம். பனைமரத்தொட்டி என்ற இடம் இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது. பெயரில் மட்டும் பனை. வடக்கே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் ஓலையில் பெட்டியும் தட்டும் முடைகிற வழக்கம் இன்னும் தொடர்கிறது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கொட்டான் கல்யாணச் சீரில் வைக்கப்பட்ட பொருள், பெரிய வீடுகளின் அறைகளில் பத்திரமாக இருந்தது, அதனால் பிழைத்தது. மீன் கூடையை யார் பத்திரப்படுத்துவார்கள்? உப்பிலும் ஐஸ் தண்ணீரிலும் ஊறி, நைந்து, அடுப்புக்குப் போய்விடும். அருங்காட்சியகத்துக்கு வர அதில் மிச்சம் எதுவும் இருக்காது.

பிறகு அலுமினியம் வந்தது. 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் இதே சென்னையில், எழும்பூர் கலைப் பள்ளியின் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். அது எங்கள் குப்பத்துத் தலைகளுக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் காசிமேட்டு ஏலத்தில் பெண்கள் முன்னால் வைத்திருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கு அன்னக்கூடை என்றுதான் பெயர். முடைவது போய்விட்டது, கூடை என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அலுமினியத்தை ஆயா வரவேற்றாள். காரணம் எடை இல்லை, ஒழுகல். மூங்கில் கூடையின் மீன் தண்ணீர் சும்மாட்டை நனைத்து, நெற்றியில் வழிந்து, ரவிக்கைக்குள் இறங்கும். அதே உடம்போடுதான் வண்ணாரப்பேட்டையில் விற்றுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். ஏற்ற மாட்டார்கள். காலிக் கூடையோடு நடந்தே வந்த நாட்களை ஆயா எண்ணி வைத்திருக்கவில்லை. உச்சந்தலையில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தது. அவள் உழைத்ததற்கு இருந்த ஒரே பதிவேடு அதுதான்.

அம்மாவைத் தலைச்சுமைக்கு விடமாட்டேன் என்று ஆயா பிடிவாதமாக இருந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அம்மா, தெருவில் ஒரு அக்காவிடம் ஒயர் கூடை கற்றுக்கொண்டாள். 1960-களில் மேட்டூரில் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் பிளாஸ்டிக் ஒயர் தமிழ்நாட்டின் எல்லாச் சிற்றூர்க் கடைகளிலும் கட்டுக் கட்டாகத் தொங்கியது. ஓலை முடைய ஓலை வெட்ட ஆள் வேண்டும், காய வைக்க இடம் வேண்டும், பல ஊர்களில் அது இன்ன சாதியின் வேலை என்ற முத்திரையும் இருந்தது. ஒயருக்கு அந்த முத்திரை இல்லை. ஆசிரியர் மனைவியும் பின்னினார், மீன்காரி மகளும் பின்னினாள். இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு அந்த பிளாஸ்டிக்கின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

முதலில் ஒயரை முழம்போட்டு வெட்ட வேண்டும். இரண்டாக மடித்து அடி போட வேண்டும். அடி கோணினால் கூடை கடைசிவரை கோணல்தான். பிறகு பக்கங்கள் எழும்பும். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண். சிவன் கண்ணைப் போடத் தெரிந்தவளுக்குத் தெருவில் தனி மதிப்பு. முடிச்சை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் கோடு விழும், வெங்காயம் நறுக்கும்போது எரியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆறேழு பெண்கள் எங்கள் வாசலில் கூடுவார்கள். கை பின்னும், வாய் பேசும். யார் வீட்டில் அடி விழுந்தது, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்தச் சீட்டு முழுகப்போகிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். கையில் வேலை எதுவும் இல்லாமல் ஆறு பெண்கள் தெருவில் உட்கார்ந்திருந்தால் ஊர் கேள்வி கேட்கும். கூடை இருந்தால் கேட்காது. அவர்கள் அதை ஆசையாகவும் செய்தார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து யோசித்திருக்கிறாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நடுத்தரக் கூடைக்கு மூன்று கட்டு ஒயர், கட்டு 40 ரூபாய். விற்பது 300-க்கு. பின்னப் பதினான்கு மணி நேரம். மணிக்குப் பதின்மூன்று ரூபாய்கூட நிற்கவில்லை.

இந்த உழைப்பை அரசு எப்படி எழுதியது என்று தேடினேன். 1961 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைக்கும் பெண்கள் சுமார் 6 கோடி. 1971-இல் சுமார் 3 கோடி. பத்து ஆண்டில் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா? பெரும்பாலும் மாறியது கேள்விதான். 1971-இல் முதன்மையான வேலை எது என்று முதலில் கேட்டார்கள். வீட்டைப் பார்க்கிறேன் என்றவள் உழைப்பாளி அல்லாதவள் ஆனாள், மற்றவை இரண்டாம் பட்சம். தேசிய மாதிரி ஆய்வில் 93 என்றொரு குறியீடு இருக்கிறது. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது போன்றவற்றைச் செய்கிறவர்களுக்கு அந்த எண். அவர்கள் உழைப்புப் படையில் சேர்த்தி இல்லை. எங்கள் வீட்டுக் கூடைகளை விற்பதற்கு எடுத்துவைத்ததா, நமக்கு வைத்துக்கொண்டதா என்று அம்மாவாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. 1988-இல் எலா பட் தலைமையிலான ஆணையம் இப்படிப்பட்ட வேலைகளை எல்லாம் உழைப்பாகக் கணக்கிடச் சொல்லி அறிக்கை கொடுத்தது. சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, தெரு வியாபாரிப் பெண்களுக்குக் கடன் வாங்கித் தந்தது. சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக்குக் கைவினைப் பயிற்சிகள் வந்தன. மாற்று வாழ்வாதாரம் என்றார்கள். எதற்கு மாற்று? மீன் விற்பதை முதலில் வாழ்வாதாரம் என்று யாராவது எழுதியிருந்தார்களா?

2021 டிசம்பரில் இரண்டு செய்திகள் வந்தன. மாதத் தொடக்கத்தில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காணொளி பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019-லேயே தடைசெய்யப்பட்டிருந்தது. இப்போது ஒயர் கூடையும் சூழலுக்கு உகந்த பை ஆகிவிட்டது, அதுவும் பிளாஸ்டிக்தான் என்பதை மறந்து. அம்மாவுக்கு அண்ணாநகரிலிருந்து ஆர்டர் வந்தது. ஒரு கூடை பாராட்டப்பட்ட மாதத்திலேயே இன்னொரு கூடை இறக்கிவிடப்பட்டது.

ஒருநாள் அம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். இவ்வளவு செய்துவிட்டு ஏன் சும்மா இருக்கிறேன் என்கிறாய்?

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். "வேலன்னு சொன்னா துட்டு எங்கன்னு உங்கப்பா கேப்பாரு. சும்மா பின்றேன்னு சொன்னா கேக்க மாட்டாரு. நீ பி.ஏ. படிச்சது எந்தத் துட்டுல?"

ஆயாவின் சும்மாடு போலத்தான் அம்மாவின் சும்மாவும். சுமைக்கும் தலைக்கும் நடுவில் அவளே சுருட்டி வைத்துக்கொண்டது. படிவத்திலிருந்து அவளை அழித்த அதே சொல்தான் என் கல்லூரிக் கட்டணத்தை அரிசிப் பானையின் பின்னால் ஒளித்து வைத்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு உழைப்பாளி என்ற பட்டத்தைக் கொடுத்தால் போதும் என்று நான் நினைத்தது என் படிப்பின் அவசரம். அரசு அவளை எண்ண வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். எண்ணியதை அப்பாவின் கையில் கொடுத்துவிடாமல் எண்ண முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

2027-இல் மறுபடியும் கணக்கெடுப்பு. பதினாறு வருடம் கழித்து. இந்த முறை என்ன சொல்வாய் என்று போன வாரம் கேட்டேன். அம்மா ஒரு அடியைத் திருப்பிப் பார்த்து, கோணல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள்.

"வர்றப்ப உங்கப்பா வூட்ல இருந்தா சும்மா கீறேன்னு சொல்வேன். இல்லாட்டி, எவ்ளோ நேரம் கீறாங்களோ அவ்ளோ சொல்றேன். அந்த மஞ்ச ஒயர எடு."

எடுத்துக் கொடுத்தேன்.