லினக்ஸ் கண்ட கால ஒழுங்கு

கணிப்பொறியின் வரலாறு என்றால் பொறிகளின் வரலாறு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்பொறிகளை இயக்கும் மென்பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலே ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பலர் கூடி எழுதும் நிரலில் புதிதாகச் சேர்த்த ஒரு வசதி, மக்கள் கைக்குச் செல்லும் தகுதியைப் பெற்றுவிட்டது என்று யார், எதைக் கொண்டு முடிவு செய்வது?

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகிற்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். அதன் மையப் பகுதியைக் கெர்னல் என்பர். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்தினுள்ளும் அக்கெர்னல் இருக்கிறது. உலகின் தலைசிறந்த 500 அதிவேகக் கணிப்பொறிகள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாத பொறி ஒன்றும் இல்லை. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். வாணிக நிறுவனமாயின் மேலாளர் ஒருவர் நாள் குறிப்பார், ஏனையோர் பணிவர். இங்கே எழுதுவோர் பல நாட்டினர், பல நிறுவனத்தார், ஊதியமின்றி எழுதுவோரும் உளர். அவர்களுக்கு நாள் குறிப்பது எங்ஙனம்?

1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் ஓர் எளிய ஏற்பாடு உருவாயிற்று. பதிப்பெண்ணின் இரண்டாம் இலக்கம் இரட்டைப்படையாயின் அது மக்கள் நம்பிப் பயன்படுத்துவதற்குரியது. ஒற்றைப்படையாயின் புதியன சேர்த்துச் சோதிப்பதற்குரியது. 2.1 என்பது பட்டறை, 2.2 என்பது கடைவீதி. பட்டறையில் பொருள் முற்றியதும் கடைக்கு வரும். கேட்பதற்கு எத்துணை ஒழுங்காக இருக்கிறது! முற்றும் வரை காத்திருப்போம் என்பதைக் காட்டிலும் நேர்மையான கொள்கை வேறு இருக்க இயலுமா?

ஆனால் ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2.0 வந்தது 1996 ஜூனில். 2.2 வந்தது 1999 ஜனவரியில். 2.4 வந்தது 2001 ஜனவரியில். 2.6 வந்ததோ 2003 டிசம்பரில். இரண்டு முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவு திறந்தது. இதனால் நேர்ந்த கேடு இருவகைப்பட்டது.

புதிய கருவிகளை வாங்கியவர்கள் மூன்றாண்டு காத்திருப்பார்களா? மாட்டார்கள். ஆகவே லினக்ஸைத் தொகுத்து வழங்கிய ரெட் ஹாட், சூசே போன்ற நிறுவனங்கள் பட்டறையிலிருந்த புதுமைகளைத் தாமே எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டித் தந்தன. விளைவு என்ன? உறுதியான பதிப்பு என்று பெயர் பெற்றது ஒன்று. மக்கள் உண்மையில் இயக்கியது மற்றொன்று. அம்மற்றொன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது.

இரண்டாவது கேடு நுட்பமானது. கதவு மூடப்போகிறது, அடுத்து மூன்றாண்டு கழித்தே திறக்கும் என்றால், அரைகுறையாக எழுதியவனும் உள்ளே நுழைய முண்டியடிப்பான். பழைய தலைமையாசிரியர்களுக்கு இது புதிதன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் மாதத்தில்தான் முதல் வகுப்பில் சேர்க்கை. சில மாதம் வயது குறைந்த பிள்ளைக்கு ஓராண்டு வீணாகிறதே என்று பெற்றோர் வருந்துவர். பதிவேட்டில் பிறந்த நாள் சற்றே முன்னால் நகரும். நம் நாட்டில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதன் மருமம் இதுதான்! குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று; ஓராண்டு நீளமுள்ள காத்திருப்பும் அதற்குக் காரணம்.

கெர்னலிலும் அவ்வாறே ஆயிற்று. 2001 செப்டம்பரில், கடைவீதிக்கு வந்துவிட்ட 2.4 வரிசையின் நடுவே, 2.4.10 பதிப்பில் நினைவக மேலாண்மைப் பகுதியே மாற்றி அமைக்கப்பட்டது. வீட்டில் குடியேறிய பின் அஸ்திவாரத்தைப் பெயர்த்தது போன்ற செயல் அது.

2004 ஜூலையில் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் கெர்னல் எழுதுவோர் கூடினர். 2.7 என்னும் புதிய பட்டறையைத் தொடங்காமல், 2.6 வரிசையிலேயே புதியனவற்றைச் சேர்த்துச் செல்வது என்று துணிந்தனர். பலருக்கு இது அச்சமூட்டியது. மறு ஆண்டு, 2005-இல், அத்துணிவுக்கு ஒரு வரம்பும் அமைந்தது. ஒரு பதிப்பு வெளிவந்ததும் இரண்டு வாரம் வாயில் திறந்திருக்கும். புதிய வசதிகள் அதற்குள் வரவேண்டும். பின்னர் வாயில் மூடும். வாரத்திற்கு ஒன்றாகச் சோதனைப் பதிப்புகள் வரும். வழுக்களைக் களையும் திருத்தங்களுக்கு மட்டுமே இடம். வழக்கமாக ஏழு சோதனைப் பதிப்புகள். டோர்வால்ட்ஸுக்கு மனம் ஒப்பாவிடில் எட்டு. ஆக ஒன்பது அல்லது பத்து வாரத்திற்கு ஒரு புதிய பதிப்பு. நேற்று வரை இயங்கிய எதனையும் புதியது கெடுத்தலாகாது என்பது தலையாய விதி.

நாட்காட்டியைப் பார்த்து வெளியிட்டால் தரம் தாழாதோ என்று கேட்பீர்கள். நாட்காட்டி எந்த வசதியையும் முற்றச் செய்வதில்லை; உண்மைதான். ஆனால் 'இப்போது வேண்டாம்' என்று மறுப்பதை அது எளிதாக்கியது. மறுக்கப்பட்டவன் இழப்பது மூன்றாண்டு அன்று, பத்து வாரம். பத்து வாரத்திற்காக எவனும் பதிவேட்டைத் திருத்த மாட்டான்.

இவ்வொழுங்கு அளித்த பொறுமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். தொழிற்சாலைப் பொறிகளையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் இயக்கும் கெர்னல், குறித்த நேரத்திற்குள் மறுமொழி தந்தே தீரவேண்டும். சற்றுப் பிந்தினாலும் வேலை கெடும். இத்தகைய நிகழ்நேர ஆற்றலை லினக்ஸுக்கு அளிக்க இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் 2004 அளவில் முயற்சி தொடங்கினர். முழுவதையும் ஒரே மூச்சில் சேர்க்க எவரும் இசையவில்லை. எனவே அதனைத் துண்டுகளாக்கினர். தனித்து நின்றாலும் எல்லார்க்கும் பயன்படும் துண்டு எதுவோ அது மட்டும் உள்ளே சென்றது. நுண்ணிய நேரமானிகள் 2006-இல் சென்றன; நிரல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் காக்கும் புதிய பூட்டு முறையும் அவ்வாண்டே சென்றது. கடைசித் தடையாக நின்றது எது தெரியுமா? கெர்னல் தன் செய்திகளைத் திரையில் எழுதும் சிறு பகுதி! அது எழுதி முடிக்கும் வரை மற்றவை காத்து நின்றன. அதனைத் திருத்தி அமைக்கவே பல ஆண்டுகள் ஆயின. 2024 செப்டம்பரில் வியன்னா நகரில் கிளைக்ஸ்னர் இறுதி வேண்டுகோளைத் தாளில் அச்சிட்டு, பொன்னிற உறையில் பொதிந்து டோர்வால்ட்ஸிடம் நேரில் அளித்தார். நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது இடம்பெற்றது. இருபது ஆண்டுகள்! அதற்கிடையில் ஒரு பதிப்பும் அதற்காகக் காத்து நிற்கவில்லை.

எல்லாம் இவ்வாறு இனிதே முடிவதில்லை. 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் பிகேஷ்எஃப்எஸ் என்னும் புதிய கோப்பு முறைமை சேர்ந்தது. தகவல்களை வட்டில் அடுக்கிக் காப்பது கோப்பு முறைமையின் தொழில். 2025 ஜூனில், 6.16 பதிப்பின் வாயில் மூடிய பின்னர், அதன் பொறுப்பாளர் ஒரு மாற்றத்தை அனுப்பினார். சிதைந்த வட்டினைப் பழைய நிலைக்கு மீட்கும் வழி அது. பயனர்களின் தகவல்களை மீட்பதைவிட அவசரமான திருத்தம் ஏது என்பது அவர் வாதம். இது திருத்தமன்று, புதிய வசதி. அடுத்த வாயிலுக்குக் காத்திருக்க வேண்டியது என்பது பிறர் வாதம். டோர்வால்ட்ஸ் அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த சுற்றில் நாம் பிரிய நேரும் என்றும் அறிவித்துவிட்டார்.

தகவலை இழந்து தவிப்பவனுக்கு ஐந்து வாரம் நெடுங்காலமே. எனினும் என் மனம் விதியின் பக்கமே சாய்கிறது. மீட்பு நிரல் வட்டின் மீதே எழுதுவது. சோதனை வாரங்களைக் காணாத அந்நிரலில் ஒரு வழு இருந்தால் எஞ்சியிருப்பதும் போய்விடும். மேலும், தம் வசதியே அவசரமானது என்று கருதாத ஆசிரியர் எவரும் இலர். 6.17 பதிப்பில் அக்கோப்பு முறைமை வெளியே பேணப்படுவதாகக் குறிக்கப்பட்டது. 2025 நவம்பரில் வந்த 6.18 பதிப்பிலிருந்து அது முற்றிலும் நீக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவோர் கெர்னலுக்குப் புறம்பாக, தனியே நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று.