பச்சையை அழிக்கும் ஒளி: ஒரு லேசர் கருவியின் வரலாறு



உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறவனை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஒரு மூலையில் உட்கார வைத்து, ரிப்பேரான கருவிகளின் பட்டியலை எழுதச் சொல்வார்கள். நான் போன தோல் மருத்துவமனையிலும் முதல் வாரம் அதுதான் வேலை. இரண்டாவது வாரம் டாக்டரம்மா மூன்று கொட்டேஷன்களை என் முன்னால் போட்டார்.

"பச்சை குத்தினதை அழிக்கிற லேசர் மெஷின் ஒண்ணு வாங்கணும்ப்பா. நீதான் இன்ஜினியரிங் ஆச்சே, படிச்சுப் பார்த்து எது தேறும்னு சொல்லு."

மூன்றும் மூன்று தினுசு. ஒன்று மேஜை மேல் வைக்கிற சின்னப் பெட்டி, நல்ல பைக் விலை. இன்னொன்று நீண்ட கையோடு ஆள் உயரத்துக்கு நிற்கிற நானோ நொடி லேசர், கார் விலை. கடைசியாக ஒரு பிகோ நொடி லேசர். அதன் விலைக்கு எங்கள் ஊரில் வீடே வாங்கிவிடலாம். மூன்று பேப்பரிலும் எண்கள்: 1064, 755, 532, மில்லிஜூல், மில்லிமீட்டர். ஒன்றும் புரியாமல் நூலகத்துக்கு ஓடினேன். அங்கே படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த எண்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய தோலில் விழுந்த தழும்பு இருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

லேசருக்கு ரொம்ப முன்னாலிருந்தே மனிதன் பச்சை குத்திக்கொண்டு, பிறகு அதற்காக வருத்தப்பட்டும் இருக்கிறான். ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த, சுமார் 5300 ஆண்டு பழைய ஓட்சி என்ற மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏடியஸ் என்ற கிரேக்க மருத்துவர், பச்சையை அழிப்பதற்கான மருந்துக் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறார். படைவீரர்களின் கையில் குத்தப்படும் குறிகளைப் பற்றியும் அவர் சொல்கிறார். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படைக்கும் பச்சைக்கும் உள்ள உறவுக்குப் பின்னால் திரும்ப வருவோம்.) சுண்ணாம்பு, உப்பு, அமிலம், கத்தி, உராய்வுக் கருவி என்று பல நூற்றாண்டுகள் போயின. எல்லாவற்றிலும் சூத்திரம் ஒன்றுதான்: மை இருக்கிற தோலையே எடுத்துவிடு. படம் போகும், அந்த இடத்தில் தழும்பு வரும்.

1960 மே 16 அன்று அமெரிக்காவில் மாலிபு நகரில் இருந்த ஹியூஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். ஒரு ரூபி படிகத் தண்டு, அதைச் சுற்றி ஒளிவிளக்குச் சுருள், அவ்வளவுதான். சிவப்பு ஒளி, 694 நானோமீட்டர். ஆயுதமாகுமா, தகவல் தொடர்புக்கு ஆகுமா என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதை மனிதத் தோலின் மேல் பிரயோகித்துப் பார்த்தார். கருமையான இடம் அதிகமாகச் சூடாகிறது, வெளுத்த இடம் அவ்வளவாகச் சூடாவதில்லை என்று கவனித்தார். அப்படியானால் கருப்பு மை?

இங்கே ஒரு சின்ன இயற்பியல் வேண்டும் (ஓடிவிடாதீர்கள்!). மைமனின் லேசரில் ஒளி மில்லி நொடிக் கணக்கில் வெளிவரும். 1961-62-ல் அதே ஹியூஸ் கூடத்தில் ஹெல்வார்த், மக்லங் இருவரும் க்யூ-ஸ்விட்ச் என்ற வழியைக் கண்டுபிடித்தார்கள். ஏரி மதகை அடைத்து, தண்ணீர் முட்ட முட்ட நின்றதும் ஒரே தடவையில் திறந்துவிடுவது போல, லேசரின் ஆற்றலைத் தேக்கிச் சில நானோ நொடிகளில் கொட்டிவிடலாம். ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் அரை ஜூல் ஆற்றலை 5 நானோ நொடியில் கொட்டினால் அந்தக் கணத்தில் அதன் திறன் 100 மெகாவாட்!

1965-ல் கோல்ட்மன் குழுவினர் இந்த க்யூ-ஸ்விட்ச் ரூபியைப் பச்சை குத்திய தோலில் பாய்ச்சினார்கள். நீண்ட துடிப்பு தோலைச் சுட்டது. நானோ நொடித் துடிப்பில் அந்த இடம் கொஞ்ச நேரம் வெள்ளையாகப் பூத்து, லேசாக வீங்கி அடங்கிவிட்டது. தீக்காயம் இல்லை. ஆக, சரியான விடை 1965-லேயே கையில் இருந்தது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கிட்டத்தட்ட பதினெட்டு வருஷம் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை!

எனக்கு இந்தக் கதையிலேயே தூக்கம் கெடுத்த இடம் இதுதான். 1964-ல் இரண்டு புது லேசர்கள் வந்திருந்தன. ஒன்று வில்லியம் பிரிட்ஜஸின் ஆர்கான் லேசர். மற்றது பெல் ஆய்வகத்தில் நம் நாட்டுக்காரர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர். இரண்டும் அருமையான கண்டுபிடிப்புகள், சந்தேகமே இல்லை. எழுபதுகளின் கடைசியில் தோல் மருத்துவர்கள் பச்சையை அழிக்கவும் இவற்றையே எடுத்தார்கள். ஆனால் ஆர்கானின் நீலப்பச்சை ஒளியை ரத்தமும் மெலனினும் விழுங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடின் அகச்சிவப்பு ஒளியைத் தோலில் இருக்கிற தண்ணீர் விழுங்கிவிடும். மையை மட்டும் தேடிப் போகிற குணம் இரண்டுக்கும் கிடையாது. ஆக, லேசர் என்ற புதுப்பெயரில் நடந்தது ஏடியஸ் காலத்து வைத்தியமேதான்: தோலை எடு, தழும்பை வாங்கிக்கொள்.

1983-ல் கிளாஸ்கோவில் ரீட் என்பவரும் அவருடைய சகாக்களும் க்யூ-ஸ்விட்ச் ரூபியை மறுபடி தூசிதட்டி எடுத்து, கருப்புப் பச்சைகள் தழும்பில்லாமல் மங்குவதைக் காட்டினார்கள். அதே 1983-ல் பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் சயின்ஸ் இதழில் ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கான கொள்கையை எழுதினார்கள். கொள்கை எளிது. எரிகிற மெழுகுவர்த்திச் சுடருக்குள் விரலை சட்டென்று வீசி எடுத்தால் சுடுவதில்லை, நின்றால் சுடும். மைத்துகள் மிகமிகச் சிறியது. வாங்கிய சூட்டை அது பக்கத்துத் தசைக்குக் கடத்துவதற்குள் துடிப்பு முடிந்துவிட வேண்டும். முடிந்துவிட்டால் துகள் மட்டும் வெடித்து உடையும், அக்கம்பக்கம் தப்பிக்கும். அதோடு, அந்த நிறம் விழுங்குகிற அலைநீளமும் வேண்டும். கொட்டேஷனில் நான் பார்த்த நானோமீட்டரும் நானோ நொடியும் இந்தக் கட்டுரையிலிருந்து வந்தவைதான். 1990-ல் பாஸ்டனிலிருந்தே ரூபி லேசருக்கு எவ்வளவு ஆற்றல் சரி என்ற ஆய்வும் வெளிவந்தது. அதன் பிறகு ரூபி, அலெக்சாண்ட்ரைட் (755), நியோடிமியம் யாக் (1064, அதைப் பாதியாக்கினால் 532) என்று மூன்று ஜாதி கருவிகளும் மருத்துவமனைகளுக்குள் வந்தன.

இனி நம்ம ஊர்க் கதை. ரூபியைச் சோதித்தது பெரும்பாலும் வெள்ளைத் தோலில். 694-ஐ மெலனின் நன்றாக விழுங்கும். வெள்ளையர்களிலேயே சிலருக்குப் பச்சை போன இடம் வெளுத்துப்போனது. நம் மாநிறத் தோலில் பாய்ச்சினால் லேசருக்கு மை எது, தோல் எது என்று தெரியாது. அலைநீளம் கூடக் கூட மெலனின் விழுங்குவது குறையும். அதனால்தான் கருமையான தோலுக்கு 1064 ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. 1996-லேயே கருந்தோல் நோயாளிகளிடம் யாக் லேசர் நன்றாக வேலை செய்கிறது என்ற ஆய்வு வந்துவிட்டது. விற்பனைப் பிரதிநிதிகள் தருகிற வழவழ தாளில் மட்டும் முன்னும் பின்னும் படங்கள் இன்னும் முக்கால்வாசி வெள்ளைக் கைகள்!

பிகோ கருவிக்காரர் ஒருநாள் நேரில் வந்தார். அவர் கொண்டு வந்தது 755 மட்டும் உள்ள கருவி. "மேடம், உங்க ஊர்ல எல்லாரும் பச்சைதானே குத்தியிருக்காங்க? பச்சை நிறத்துக்கு 755தான் பெஸ்ட்" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கு அப்போது விளங்கவில்லை, பிறகு அவரே சொன்னார். என் அப்பாயி கையில் இருக்கிற கோலம் பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது கரி, அதாவது கருப்பு. தோலுக்கு அடியில் இருக்கும் கருப்பை மேலிருந்து பார்க்கும்போது ஒளி சிதறி நீலப்பச்சையாகக் காட்டுகிறது. நாம் அதற்குப் 'பச்சை' என்றே பேர் வைத்துவிட்டோம்! கரி எல்லா அலைநீளத்தையும் விழுங்கும், 1064-ஐயும் சேர்த்து. இப்போதைய கடைகளில் போடுகிற நிஜமான பச்சை மைக்கு 694-ஓ 755-ஓ வேண்டும் என்பது உண்மைதான். சிவப்புக்கு 532. ஆனால் எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கருப்பு மைக்காரர்கள்தான். (நானே ஒரு வாரம் நோட்டில் குறித்து எண்ணினேன்.)

பிகோவைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1998-ல் ஒரே பச்சையின் ஒரு பகுதியில் 35 பிகோ நொடித் துடிப்பையும் மறு பகுதியில் 10 நானோ நொடித் துடிப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். 16 பேரில் 12 பேருக்கு பிகோ பக்கம்தான் அதிகம் மங்கியது. அது கடைக்கு வர இன்னும் 14 வருஷம் ஆனது. 2012 டிசம்பரில் பிகோஷூர் என்ற கருவிக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. 2014-ல் 1064 உள்ள பிகோ கருவிகளும் வந்தன. வசதி இருந்தால் அவற்றை வாங்கலாம். ஆனால் அந்த விலையை மருத்துவமனை எங்கிருந்து திரும்ப எடுக்கும்? தடவைக்கு இவ்வளவு என்று நோயாளியிடமிருந்துதானே!

அந்த மலிவுப் பெட்டி? அதிலும் 1064 என்றுதான் போட்டிருந்தது. எண் ஒன்று, சங்கதி வேறு. லேசர் தோலில் விழுகிற வட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து 4 ஆனால் பரப்பு நான்கு மடங்கு. அதே ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆழத்தில் இருக்கிற மையை அடைய பெரிய வட்டம் வேண்டும், பெரிய வட்டத்துக்கு நிஜமான மில்லிஜூல் வேண்டும். வட்டம் முழுக்க ஆற்றல் சமமாகப் பரவவும் வேண்டும். நடுவில் மட்டும் குவிந்தால் அந்தப் பொட்டில் தோல் வெந்துவிடும். தாளில் எழுதியிருப்பதை நம்பாமல் ஆற்றல் அளக்கும் மீட்டர் வைத்துக் காட்டச் சொன்னோம். பெட்டிக்காரர் அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

கருவியை மாற்றினாலும் உடம்பை அவசரப்படுத்த முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2018-ல் பிரான்ஸின் மார்சேயில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், மையைப் பிடித்து வைத்திருப்பது மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் என்றும், அவை இறந்தால் சிந்துகிற மையைப் புதிதாக வருகிற செல்கள் திரும்ப விழுங்கிக்கொள்கின்றன என்றும் கண்டார்கள். லேசர் மையை உடைக்கும். அள்ளிப் போவது உடம்பின் வேலை. அதனால்தான் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறு எட்டு வாரம் இடைவெளி. ஒரே தடவையில் போய்விடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். புருவத்துக்கும் உதட்டுக்கும் அழகுக்காகக் குத்துகிற மை லேசர் பட்டதும் கன்னங்கரேல் என்று ஆகிவிடக்கூடும் என்பதும் 1993-லேயே பதிவாகியிருக்கிறது. அதற்குத்தான் முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் சோதனை.

கடைசியில் நடுவில் இருந்த நானோ நொடி யாக் கருவியைத்தான் டாக்டரம்மா வாங்கினார். கூடவே அந்தந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடிகள், நோயாளிக்கு உலோகக் கண்மூடி, வருஷம் ஒருமுறை ஆற்றலை அளந்து தருவதாகக் கம்பெனியின் எழுத்துமூல உறுதி. இந்தக் கண்ணாடி விஷயத்தில் அவர் காட்டிய பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. 1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி, விழித்திரையில் பட்ட பிறகுதான் பட்டதே தெரியும்.

முதல் நோயாளி என் வயதுப் பையன். புஜத்தில் ஒரு பெண்ணின் பெயர், கருப்பு மை, ஐந்து எழுத்து. ராணுவத்தில் சேர ஓடிக்கொண்டிருந்தான். நம் ராணுவத்தில் முன்னங்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் எடுப்பதில்லை (பழங்குடியினருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு). ஏடியஸ் காலத்தில் படையில் சேர்ந்ததற்குக் குத்தினார்கள், இவனுக்குச் சேர்வதற்காகவே அழிக்க வேண்டியிருக்கிறது.

"தழும்பு விழுமா டாக்டர்? மெடிக்கல்ல அதையும் பார்ப்பாங்களாம்" என்று மட்டும் கேட்டான்.

டாக்டரம்மா கடைசி எழுத்தின் ஓரத்தில் இரண்டே இரண்டு துடிப்பு கொடுத்தார். பட்டென்று சத்தம், அந்த இடம் வெள்ளையாகப் பூத்தது, சிறிது நேரத்தில் அடங்கியது. "நாலு வாரம் கழிச்சு வா. தோல் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு மீதியை ஆரம்பிக்கலாம்" என்றார். என் பயிற்சி அதற்குள் முடிந்துவிட்டது. அவன் வந்தானா என்று போன் பண்ணிக் கேட்டேன். வந்தான், அந்த இடத்தில் தழும்பு இல்லை, முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்களாம்.