நவராத்திரி மண்டபத்தின் கதவு

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள், பத்மதீர்த்தக் குளத்துக்கு அருகே, நவராத்திரி மண்டபம் என்னும் பழமையான இசையரங்கு ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் அங்கே கச்சேரி நடைபெறும். கேட்போர் கைதட்டுவதில்லை. பாடுவோர் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பர். அங்கே பாட்டு என்பது கலைமகளுக்குச் செய்யும் வழிபாடு. பழைய அரங்கு ஒன்றைப் புதுப்பிப்பது என்றால் என்ன, அதனால் சமூகத்துக்கு விளையும் நன்மை யாது என்ற வினாக்களுக்கு இம்மண்டபத்தின் வரலாறு நல்லதொரு விடை தருகிறது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு அவ்வரலாற்றில் தனிப் பங்கும் உண்டு.

இம்மண்டபத்தின் மூலத்தைத் தேடினால் பத்மநாபபுரத்துக்குச் செல்லவேண்டும். திருவிதாங்கூரின் பழைய தலைநகர் அது. அங்குள்ள அரண்மனையில் நாடகசாலை ஒன்றைச் சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சிக்காலம் 1829–1846) அமைத்தார். கருங்கல் தூண்களும், முகம் பார்க்கத்தக்க கரிய தளமும் உடைய அழகிய கூடம் அது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து இத்தகைய தளங்களை இழைத்தனர் என்பர். அக்கூடத்தில் மரத்தாலான தடுப்பு ஒன்று உண்டு. அரச குலப் பெண்டிர் அதன் பின்னே அமர்ந்து, சிறு துளைகளின் வழியே ஆடலையும் பாடலையும் கண்டனர். பெண் கலையைக் காணலாம், ஆனால் மறைந்திருந்தே காணவேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். இச்செய்தியை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின், நவராத்திரி விழாவும் அங்கே பெயர்ந்தது. எனினும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தன் ஊரை விட்டுவிடவில்லை. கம்பர் வழிபட்டதாகப் போற்றப்படும் அத்தேவி, வேளிமலைக் குமாரசுவாமியுடனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையுடனும் ஆண்டுதோறும் புறப்படுகிறாள். ஊர்வலம் குழித்துறையில் ஓரிரவும் நெய்யாற்றின்கரையில் ஓரிரவும் தங்கித் திருவனந்தபுரம் சேர்கிறது. விழா முடிந்ததும் மூவரும் தத்தம் இடத்துக்கு மீள்கின்றனர்.

1956 நவம்பர் 1ஆம் நாள் இவ்வழியின் நடுவே மாநில எல்லை வகுக்கப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலையும் காஞ்சிரங்குளமும் அடங்கிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்தில் நின்றது. ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை. களியக்காவிளையில் தமிழகக் காவலர் விடைகொடுக்க, கேரளக் காவலர் வரவேற்கின்றனர். எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்கள் வாசலில் விளக்கேற்றித் தேவியை எதிர்கொள்கின்றனர்.

இனி மண்டபத்துக்கு வருவோம். அதன் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கின்றனர். குரல் கலங்காமல் ஒலிப்பதற்குப் பண்டைத் தச்சர் கண்ட உபாயம் அது. ஆயின் அரங்கில் பாடுதற்குரிய பாட்டு மறைந்துபோனால் பானைகளால் பயன் என்ன? சுவாதித் திருநாள் நவராத்திரிக்கென ஒன்பது கீர்த்தனங்களை இயற்றினார். சங்கராபரணத்தில் தொடங்கி, கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி என வளர்ந்து, ஆரபியில் அவை நிறைவுறும். அவருடைய பாடல்களைப் பரம்பரையாகக் காத்தவர்கள் முல்லைமூடு பாகவதர்கள். அப்பாடல்களைத் தேடித் திரட்டி ஒழுங்கு செய்யும் பணி, திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1939இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய இசைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். கட்டடத்தைக் கொத்தர் புதுப்பிக்கலாம். அதன் உயிரைப் புதுப்பிக்கக் கலைஞனின் ஆராய்ச்சி வேண்டும். அதனைச் செய்தோர் தமிழகத்திலிருந்து அயல் நாடு புகுந்த இரு கலைஞர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

அவ்விசைக்கழகத்தில் பயின்ற முதல் மாணவி ஒருத்தி இருந்தாள். தேவியின் ஊர்வலம் செல்லும் வழியிலுள்ள பாறசாலையில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1924இல் பிறந்த பொன்னம்மாளே அவர். முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடியிடமும் கற்றுத் தேர்ந்தார். பயின்ற கழகத்திலேயே முதல் பெண் ஆசிரியரானார். பின்னர்த் திருப்பூணித்துறை இராதா லட்சுமி விலாசம் இசைக் கல்லூரிக்கு முதல் பெண் தலைவராகவும் விளங்கினார். அவரிடம் கற்ற மாணவர் பலர். எனினும் நவராத்திரி மண்டபத்தின் மேடை அவருக்கு அடைத்தே இருந்தது. கலைமகளின் அரங்கில் பெண் அமர்ந்து பாடுதல் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். பத்மநாபபுரத்து மரத்தடுப்பு, கண்ணுக்குத் தெரியாமல் இங்கும் நின்றது.

அத்தடுப்பு 2006இல் விலகியது. அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக் கலைஞர் இராம வர்மா அதற்காக முயன்றவர்களுள் ஒருவர். எண்பது வயதைக் கடந்துவிட்ட பொன்னம்மாள் அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணியானார். அதன்பின் பெண் கலைஞர் பலர் அங்கே பாடினர். 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவ்வம்மையார், 2021இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

2006இல் மண்டபத்தின் தூண் ஒன்றும் மாறவில்லை. கூரைப் பானைகளும், ஒன்பது இராகங்களும், கைதட்டாத அமைதியும் அப்படியே இருந்தன. இவற்றைப் பேணியது தேவையான தொண்டே. ஆனால் தன் மக்களுள் ஒரு பாதியைப் புறத்தே நிறுத்திய அரங்கு, எத்துணை நன்றாகப் பேணப்பட்டாலும் அரைகுறை அரங்கே. மரபு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் அம்மரபை அறுபது ஆண்டுகளுக்கு மேல் கற்றும் கற்பித்தும் காத்தவர் யார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

நேயர்கள் வாழும் நகரங்களிலும் தமிழர் எழுப்பிய சபா மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் பழையனவாகி வருகின்றன. அவற்றைப் பழுது பார்க்க நிதி திரட்டும்போது, ஓட்டையும் சுவரையும் பார்ப்பதோடு மேடையையும் பார்ப்போமாக. அங்கே இதுவரை இடம் பெறாதவர் யார் என்று கேட்பதும் அத்திருப்பணியைச் சேர்ந்ததே.