புள்ளியும் பொருளும்

பிழையற எழுதும் முறையை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருக்குக் கற்பித்தவன், ஓய்வுபெற்ற பின்னரே அதனைத் தானும் கற்றான் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கம் எனது ஊர். தந்தையை இழந்த சிறுவன் ஒருவனுக்காக விண்ணப்பம் ஒன்று எழுதித் தருமாறு அவனுடைய சிற்றப்பா என்னிடம் வந்தார். "காலஞ்சென்ற என் தமையனார் மகனுக்குக் கல்வி உதவித் தொகை வழங்க வேண்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் அது திரும்பி வந்தது. காலஞ்சென்றவர் தமையனாரா, மகனா என்று கேட்டிருந்தார்கள். அலுவலகத்தாரை முதலில் கடிந்துகொண்டேன். படியை எடுத்துப் பார்த்தபோதுதான் குற்றம் என்னுடையதே என்பது விளங்கிற்று. "என் தமையனார் காலமாகிவிட்டார். அவருடைய மகனுக்கு உதவித் தொகை வழங்க வேண்டுகிறேன்" என்று இரண்டு வாக்கியமாக்கி, இடையே ஒரு முற்றுப்புள்ளி இட்டேன். ஆனால் அதற்குள் கெடுநாள் கடந்துவிட்டது. அவ்வாண்டு அச்சிறுவனுக்கு உதவி கிட்டவில்லை.

ஒரு புள்ளிக்கு இத்துணை ஆற்றலா என்று வியந்து, நம் மொழியில் அதன் வரலாற்றை ஆராயலானேன்.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. எகர ஒகரக் குறில்களும் அக்காலத்தில் புள்ளி பெற்றன. ஆயினும் ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆதலால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அதன் விளைவாக 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே வடிவில் நின்றன. நெருப்பும் நீர்நிலையும் வேறுபாடின்றிப் போயின! இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் (1680–1747) நெட்டெழுத்துகளுக்குத் தனி வடிவம் தந்து இக்குழப்பத்தை நீக்கினார்.

சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறிகளும் கிடையா. அவ்வாறாயின் முன்னோர் எங்ஙனம் பொருள் கொண்டனர்? ஆசிரியரின் குரலே அவர்களுக்கு நிறுத்தக்குறியாய் அமைந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது என்பதை மாணாக்கர் செவிவழியாகக் கற்றனர்.

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிற்று. 1835-இல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நம்மவர் அச்சகங்கள் பெருகின. நூல்கள் ஆசிரியர் துணையின்றியே வீடுதோறும் சென்றன. குரல் நீங்கிய இடத்தில் குறி தேவையாயிற்று. இதனை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). ஆங்கிலக் கல்வி பெற்றவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். பின்னர்த் தாமே அச்சகம் நிறுவிப் பாலபாடங்களையும் இலக்கணச் சுருக்கத்தையும் வெளியிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்குற வழங்கிய முன்னோடியாக அவர் போற்றப்படுகிறார். குறிகள் மேனாட்டிலிருந்து வந்தவையே. ஆனால் அவை ஆற்றிய பணி நம் பழைய ஆசிரியர்கள் ஆற்றிய பணியே.

இவ்வரலாறு எனக்கு மூன்று பழக்கங்களைத் தந்தது. எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கிறேன். மூச்சுத் தடுமாறும் இடத்தில் வாக்கியத்தை முறிக்கிறேன். அடுத்து, ஒற்று மிகும் இடங்களைத் தனியே நோக்குகிறேன். 'கீரை கடை' என்பது கடையச் சொல்லும் ஏவல், 'கீரைக்கடை' என்பதோ விற்குமிடம். மூன்றாவதாக, செய்தியை முன்பே அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். என் கருத்து எனக்குத் தெரியும். ஆதலால் என் பிழை என் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மறு ஆண்டு புதிய விண்ணப்பத்தை எழுதியவுடன் அச்சிறுவனையே அழைத்துப் படிக்கச் செய்தேன். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் சற்றே நிறுத்தி, மேலே படித்தான். உதவித் தொகையும் வந்தது. முன்னாண்டு இழந்த தொகையை மட்டும் என்னால் மீட்டுத்தர இயலவில்லை. எழுதுகோலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வருகிறது.